படியில் முடிகிற வேலை

நிலாணி முன்கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் ஒருமுறை சுருங்கியது. "வேலையைத் தொடங்குங்கோ" என்றாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு பெற்ற தகப்பனிடம் மகள் பேசிய முதல் பேச்சு அது.

ரூஜ் பகுதியில் ஜூலியஸ் என்றவர் வீட்டுக்கு ஸ்ரோம் டோர் ஓடர் என்று கூட வேலைசெய்யும் துஷாந்த் சொன்னதும், அவனை மறித்துவிட்டு நானே வந்தேன். ஜூலியஸ் மருமகன். கிறிஸ்தவன், வேதக்காரப் பெடியன் வேண்டாம் என்று நான் துள்ளிய அதே ஜூலியஸ்.

பேரனுக்கு நாலு வயதாம். ஒருக்கால் உள்ளே கூப்பிட்டால் அவனைப் பார்த்துவிடலாம் என்று இந்த வெட்கங்கெட்ட மனம் நினைத்தது.

கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை. ஸ்ரோம் டோர் என்பது குளிருக்காக முன்கதவின் வெளிப்பக்கம் போடுகிற கண்ணாடிக் கதவு. முழு வேலையும் படியில் நின்றே முடிந்துவிடும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தன் கலியாணக் கார்ட்டோடு வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவள் வந்த அன்று நான் முன்கதவை மட்டும்தான் திறந்தேன். கார்ட் கொண்டுவந்தவரை உள்ளே கூப்பிட்டு இருத்தித்தான் வாங்க வேண்டும். வாங்க மனமில்லாததால் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. அந்தக் கதவைப் பூட்டியதும், அதாவது பொருத்தியதும், நானேதான்.

ஒன்றரை மணித்தியால வேலையை மூன்றாக இழுத்தேன். கீல் பிணைச்சலை முன்கதவின் பிணைச்சல் பக்கமே வைத்தேன். இரண்டு கைப்பிடியும் முட்டாமல் புதியதைச் சற்று உயர்த்தினேன். அதற்குமேல் இழுக்க ஒன்றுமில்லை.

"உள்ளுக்கு நிண்டு சாத்திப் பார், பிள்ளை."

சாத்தினாள். சின்னவன் ஓடிவந்து இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தான். மூக்கு அப்படியே என் மனைவி ஜெயமலரின் மூக்கு.

"அம்மா, ஹூ இஸ் தட்?"

நிலாணி குனிந்து அவன் தலையைத் தடவினாள். கண் என்னில்தான் இருந்தது. குரலை நன்றாகத் தாழ்த்தினாள்.

"ஆரோ கதவு பூட்ட வந்தவர், ராசா."

கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அது பக்கத்தில் நின்று சொன்னதுபோல் கேட்டது.

கார்ட்டோடு அவள் நின்ற அன்று, எனக்குப் பின்னால் நின்ற ஜெயமலரிடம் நானும் இப்படித்தான் குரலைத் தாழ்த்தினேன். "ஆரோ விலாசம் மாறி வந்திட்டினம்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நிலாணிக்குக் கேட்டிருக்காது என்று, ஜெயமலர் அழும்போதெல்லாம் ஏழு வருடமாகச் சொல்லி வந்தேன்.