பாதியாய்க் குறைந்த குற்றம்

மேகோங் ஆற்றின் மேல் பனிமூட்டம் மெல்ல நகர்வதைக் காவல் நிலைய வாசலில் நின்று, ஏதோ கனவில் இருப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார் சார்ஜன்ட் பிராசோங். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த நரிசா கேட்டாள்.

“அண்ணே, கஞ்சாவுக்குத் தடை நீங்கினதும் இந்த ஊர்ல குற்றம் குறைஞ்சுதா?”

“பாதியாக் குறைஞ்சுது தங்கச்சி.”

“அவ்வளவு பேரு திருந்திட்டாங்களா?”

“ஒரே ஒரு ஆளுதான். பொண்டாட்டிக்குப் புற்றுநோய் வலின்னு வீட்டுக்குப் பின்னாடி செடி வளர்ப்பாரு. நான் செடியைப் பிடுங்கிட்டு அவரை உள்ள வைப்பேன். வெளிய வந்ததும் மறுபடி நடுவாரு.”

“உங்க மேல அவருக்குக் கோபமே வரலையா?”

“இல்ல. ஜீப்புல ஏறும்போது, ‘சாப்பிட்டியா’ன்னு மட்டும் கேப்பாரு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“எங்கம்மா வலியில்லாமத் தூங்குறாங்க. அப்பா பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டிருக்காரு.”