கழகத்துக்கு ஓர் அர்ச்சனை

மொன்றியல் முருகன் கோயிலின் திறந்த கதவால் மே மாத மாலை வெயில் பளிங்குத் தரையில் நீளமாக விழுகிறது. கஜீவன் அர்ச்சனைத் தட்டை நீட்டியபடி நிற்கிறான். "ஆருக்கு?" என்று ஐயர் கேட்கிறார். "மொன்வெர்னாக் ரக்பிக் கழகம், ஐயா. ரேவதி நட்சத்திரம்." பக்கத்தில் நிற்கும் மனைவி சிவாஜினி கண்களை மூடிக்கொள்கிறாள், கும்பிடுவதற்காக அல்ல. இன்று அவர்களின் கலியாண நாள். "கழகத்துக்கு ஏது நட்சத்திரம்?" என்கிறார் ஐயர். "தொடங்கின திகதியை வைச்சுக் கணிச்சனான், ஐயா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில, திராட்சைத் தோட்டக்காரர் கொஞ்சப் பேர் சேர்ந்து..." "இஞ்சருங்கோ, பின்னால சனம் நிக்குது. சரித்திரத்தை வீட்டில கதையுங்கோ," என்கிறாள் சிவாஜினி. கனடாவுக்கு வருமுன் பிரான்சில், மொன்வெர்னாக் என்ற அந்தச் சிற்றூரில் ஆறு வருடம் கழகத்தின் சேற்றுச் சட்டைகளைத் தோய்த்தவன் அவன். நாளைய ஆட்டத்தில் தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். "மனிசரின்ர பேர் வேணும், தம்பி," என்கிறார் ஐயர். கஜீவன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுக்கிறான். பதினைந்து ஆட்டக்காரரின் பெயர்கள், எல்லாம் பிரெஞ்சில். ஐயர் தாளைக் கிட்டப் பிடிக்கிறார், எட்டப் பிடிக்கிறார். வரிசையில் ஒருவர் பலமாகச் செருமுகிறார். சிவாஜினி பெருமூச்சோடு தாளைப் பறித்து, தான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் வரவு எடுக்கும் அதே குரலில் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறாள். ஐயர் அவள் பின்னால் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கிறார். "இவரையும் சேருங்கோ, ஐயா," என்கிறாள். "அவை தோத்தா, மூண்டு நாள் சாப்பிடாமக் கிடக்கிறது இந்த மனிசன்தான்."