வழக்குச் செலவு யார் தலையில்?

திவால் வழக்கில் தையல்காரம்மா தோற்றுப்போனார். வழக்குச் செலவை யார் கட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி.

"தோத்தவங்க கட்டுறதுதான் வழக்கம்" என்றார் நீதிபதி.

துணி கம்பெனி முதலாளி எழுந்தார். அந்தம்மாவைத் தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து தலை வரை ஏளனமாக அளந்தார்.

"இது எங்கேருந்துங்கய்யா கட்டும்? தையல் மெஷினை வித்தாலும் வக்கீல் ஃபீஸுக்குக் காணாது. இந்த மூஞ்சிக்குக் கோர்ட்டு ஒரு கேடு!"

தையல்காரம்மா தலைகுனிந்து நின்றார்.

"ரெண்டு பக்கச் செலவையும் நானே கட்டித் தொலைக்கிறேன். பிச்சை போட்டதா இருக்கட்டும்" என்றார் முதலாளி.

முதலாளியின் வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். முதலாளி அந்தக் கையைத் தட்டிவிட்டு, செக் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"அக்கவுன்ட்ல அவ்வளவு பணம் இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? இதெல்லாம் எனக்கு ஜுஜுபி!"

வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி, கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த உத்தரவை ஓரமாகத் தள்ளினார்.

"கையில சல்லிக்காசு இல்ல, இந்தம்மாவுக்குக் கூலி பாக்கி தர வழியில்ல, என்னைத் திவாலானவன்னு அறிவிச்சிடுங்கன்னு மனு போட்டது நீங்கதானே?"

முதலாளியின் பேனா பாதியில் நின்றது.

தையல்காரம்மா மெல்ல நிமிர்ந்தார். "முதலாளி, என் மூணு வருஷக் கூலியையும் அதிலேயே சேர்த்து எழுதிடுங்க."