கெப்பாசிட்டர் மாற்றிய அன்று

ஸ்பீக்கருக்குள் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் புதுக் கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்துவிட்டு மெக்கானிக் நிமிர்ந்தான்.

"உங்களுக்கு அத்துப்படியான பாட்டா போடுங்க சார். பழசுல அமுங்கிக் கிடந்ததெல்லாம் இப்ப பளிச்சுனு கேக்கும்."

பெரியவர் மனைவியின் கேசட்டைப் போட்டார். சமையலறையில் அவளே பாடிப் பதிந்தது. அவள் செத்துப்போன இந்த எட்டு வருஷத்தில் அவருக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

"பாதியில நின்னுடும் தம்பி. வரி மறந்திருப்பா, பாவம்."

பக்கத்தில் நின்று பாடுவதுபோல் அவள் குரல் வந்தது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. பாட்டு நிற்கும் இடத்தில், தூரத்து அறையிலிருந்து ஓர் அதட்டல்.

"வாய மூடுடி! மனுஷன் இங்க பாட்டு கேக்கறது தெரியல?"

மெக்கானிக்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சார், உங்க குரல் அச்சு அசலா விழுது!"

பெரியவர் கேசட்டை நிறுத்தினார்.

"கழட்டின பழச எங்க தம்பி வச்ச? அதையே திரும்ப மாட்டிடு."