வேளை தப்பிய சங்கு

ஆறு சத்தமில்லாமல் கடலில் கலக்கும் இடத்தில், கண்கூசும் வெயிலில் நிற்கிறாள் சலேத்தம்மா. மகளைக் கட்டிக்கொடுத்த மீனவக் கிராமத்துக்கு இன்றுதான் முதன்முதலாக வந்திருக்கிறாள். நீலகிரி மலையில், தன் ஊரான அரவேணுவில் பஸ் ஏறும்போது போட்ட ஸ்வெட்டர் இன்னும் கழுத்துவரை பூட்டியே இருக்கிறது. மணலில் வலைகள் காய்கின்றன. மருமகன் சூசை விடியுமுன் கடலுக்குப் போனவன். திடீரென்று சங்கு ஊதுகிறது. அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் வேளை தப்பிச் சங்கு ஊதினால், மண் சரிந்து ஆள் போய்விட்டதென்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் மகளின் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். “ரெஜினா, யாருக்கு என்னாச்சு?” “ஒண்ணுமில்லீங்கம்மா. படகு வந்துருச்சுங்க, மீன் ஏலத்துக்குக் கூப்புடறாங்க.” முழங்கால் தண்ணீரில் நின்று சூசை ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். அப்போதுதான் சலேத்தம்மாவுக்குத் தனக்கு வியர்ப்பது தெரிகிறது. ஸ்வெட்டரின் முதல் பொத்தானைக் கழற்றுகிறாள்.