சத்தம் கூடின டைமர்

2012 மார்ச் 6, வங்காலை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பித் தனியே குடியிருந்த அகஸ்ரினாவின் வீட்டுக்கு, உதவி நிறுவனத்துச் சோபனா நேரமானதும் மணியடிக்கும் இரண்டு சமையல் டைமர்களோடு வந்தாள். பக்கவாதத்தில் அகஸ்ரினாவின் விரல்கள் மடங்கிப் போயிருந்தன.

"தொடங்க ரெண்டும் லேசு, அன்ரி. இதை முழங்கையாலை தட்டினாலே நிண்டிடும். மற்றதுக்குப் பின்னாலை இருக்கிற சின்ன சுவிச்சை நகத்தாலை தள்ள வேணும். உங்களுக்கு ஏலாது."

"சத்தம் எது கூட?"

"மற்றதுதான். ஊரே எழும்பும்."

"அப்ப அதைத் தாங்கோ."

"நல்ல பிடிவாதம்!" என்று சிரித்தபடி சோபனா கொடுத்தாள்.

அடுத்த மாதம் அவள் வந்தபோது, பக்கத்து வீட்டு டினோஜா வேலியடியில் மறித்தாள்.

"மிஸ், அது ஒவ்வொருக்கா அடிக்கேக்கையும் நான்தான் ஓடிவந்து நிப்பாட்டுறன். அடுப்பிலை ஒண்டும் இல்லாட்டியும் அடிக்குது. வந்தால் விடமாட்டா, கதிரையிலை இருத்தி ஒரு மணித்தியாலம் கதைப்பா. பாவம், அன்ரிக்கு லேசானதை மாத்திக் குடுங்கோ."

சோபனா மாற்றிக் கொடுத்தாள். அகஸ்ரினா நன்றி சொன்னாள்.

மறுநாளிலிருந்து மணி அடித்தும் டினோஜா வரவில்லை.