பதினெட்டு மணி நேரம்

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் ஆராய்ச்சி டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறே மாதத்தில் சிறுமியின் முதுகெலும்பு வளைவு நாற்பத்திரண்டு டிகிரியிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

"இனி ஆபரேஷனே வேண்டாம்மா!"

அம்மா மகளைக் கட்டிக்கொண்டாள்.

வளைவை நிமிர்த்த அவர் கொடுத்திருந்த முதுகுக் கவசத்துக்குள் இருந்த சென்சார், உடம்புச் சூட்டை வைத்து, சிறுமி அதைத் தினமும் பதினெட்டு மணி நேரம் போட்டிருந்ததாகக் கணக்குக் காட்டியது.

"சமத்துப் பொண்ணு! எப்படிடா தாக்குப்பிடிச்ச?"

சிறுமி நெளிந்தாள். "திட்டாதீங்க டாக்டர். ஒரு நாள்கூடப் போடல. அலமாரியிலயே வச்சிருந்தேன்."

"அடிப்பாவி, சட்டைக்குள்ள போட்டிருக்கேன்னியே!" அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சென்சார்தான் கெட்டிருக்கும். கணக்குப் பார்க்கக் காலையில் வாங்கி வைத்ததிலிருந்து மேசைமேல் காலியாகக் கிடந்த கவசத்துக்குள் டாக்டர் கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கணினித் திரையில், இன்றைய கணக்கில் இன்னொரு நிமிடம் கூடியது.